யார் வந்தாலும் சாப்பாடு!

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பெரிய நகரம், சான்பிரான்சிஸ்கோ. 1906-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி விடியற்காலையில் அங்கே பயங்கரமான பூகம்பம் ஏற்பட்டது. வீடுகள் இடிந்து விழுந்தன. எங்கும் தீப்பிடித்தது. நகரம் நாள் கணக்கில் எரிந்தது. சுமார் 3 ஆயிரம் பேர் மாண்டார்கள். 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை இழந்தார்கள்.

உயிர் தப்பியவர்கள் படகு ஏறி, எதிர்க்கரையில் உள்ள ஓக்லாந்து என்ற ஊருக்கு வந்தார்கள். குதிரைப் பந்தய மைதானத்திலும் பூங்காவிலும் தங்கினார்கள். ஓக்லாந்துவாசிகள் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. பெண்கள் சமைத்துக்கொண்டே இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு உணவு கொடுத்தார்கள். உடுத்திய துணி போக மீதித் துணியை எல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள்.

அந்த ஊரில் ஒரு வீட்டில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தாயாரும் அப்படித்தான் அள்ளிக் கொடுத்தார். சிறுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாட்கள் சென்றன. ஆபத்து நீங்கியது. கதவுகள் பழையபடி மூடிக்கொண்டன.

சிறுமிக்கு ஒன்று புரியவில்லை. ஆபத்து வந்தபோது எல்லோரும் ஒருவருக்கொருவர் அன்பாக இருந்தார்களே, மற்ற நாட்களில் ஏன் அப்படி இருக்கக்கூடாது?

அந்தச் சிறுமியின் பெயர், டோரதி டே. பின்னாளில் அமெரிக்கக் கத்தோலிக்கர்களிடையே பெரும் பெயர் பெற்றவர் இவர்தான். அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

வெள்ளம், புயல், பூகம்பம் என்றால் எந்த ஊரிலும் இரக்கம் பொங்கும். அது மனித இயற்கை. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு வருகிற செவ்வாய்க்கிழமை இருக்கிறதே, அன்றைக்கு வாசலில் வந்து நிற்பவனுக்கு என்ன பதில்? பெரும்பாலும், "போ, போ!" என்பதுதான் பதில். டோரதி அம்மாள் அந்தச் செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொண்டார். 47 ஆண்டுகள் அதோடு மல்லுக்கு நின்றார்.

பாத்திரம் கழுவிய கையோடு பிரார்த்தனை

டோரதியின் தகப்பனார் பத்திரிகைக்காரர். குதிரைப் பந்தயச் செய்திகளை எழுதுபவர். பூகம்பத்தில் அவருடைய வேலை போய்விட்டது. குடும்பம் சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. வசதி இல்லாத வாழ்க்கை. வீட்டில் மத நம்பிக்கையும் அதிகம் கிடையாது.

பக்கத்துக் குடியிருப்பில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருந்தது. ஒரு நாள் காலை, அந்த வீட்டுப் பெண்ணோடு விளையாடுவதற்காக டோரதி உள்ளே ஓடினாள். பெண் இல்லை. பெண்ணின் தாயார் முழங்காலிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று திரும்பிச் சொன்னார். மறுபடியும் பிரார்த்தனையில் ஆழ்ந்துவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். பிரசங்கம் இல்லை; உபதேசம் இல்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டுக் கடவுளோடு பேசிக்கொண்டிருந்த ஒரு சாதாரண குடும்பப் பெண். அந்தக் காட்சி டோரதியின் மனதில் பதிந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அதைத் தம் சுயசரிதையில் அவர் எழுதினார்.

ஆனால் அவர் கோவிலுக்குப் போகப் பல காலம் ஆயிற்று. கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்தார். 1916-ம் ஆண்டில் நியூயார்க் வந்தார். சோஷலிஸ்டு பத்திரிகைகளில் நிருபரானார். 1917-ம் ஆண்டில், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஜனாதிபதி மாளிகை முன்பு மறியல் செய்து ஜெயிலுக்குப் போனார். ஜெயிலில் உண்ணாவிரதமும் இருந்தார்.

1926-ம் ஆண்டில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்ததும், யாருக்காவது நன்றி சொல்லவேண்டும்போல் இருந்தது. யாருக்குச் சொல்வது? கடற்கரை ஓரமாகச் சென்ற ஒரு கன்னியாஸ்திரீயைச் சந்தித்து, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வழி கேட்டார். அந்தக் கன்னியாஸ்திரீ வீடு தேடி வந்து ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தார். கண்டிப்பானவர். நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுகூட இந்தப் படித்த பெண்ணுக்குத் தெரியவில்லையே என்று கடிந்துகொள்வாராம்.

குழந்தையின் தகப்பனாருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. கோவிலில் திருமணம் செய்துகொள்ள அவர் சம்மதிக்கவில்லை. டோரதி அவரை உயிராக நேசித்தார். கோவிலா, அவரா என்று ஆகிவிட்டது. 1927-ம் ஆண்டு டிசம்பர் 28-ந் தேதி டோரதி ஞானஸ்நானம் பெற்றார். இருவரும் பிரிந்தார்கள். அன்று தமக்கு மகிழ்ச்சியே இல்லை என்று பிற்காலத்தில் மறைக்காமல் எழுதினார்.

வாசலில் நின்ற மனிதர்

1929-ம் ஆண்டில் அமெரிக்காவில் பணப்புழக்கம் நின்றது. பாங்குகள் மூடப்பட்டன. தொழிற்சாலைகள் அடைக்கப்பட்டன. 1933-ம் ஆண்டில் நாலு தொழிலாளிகளில் ஒருவருக்கு வேலை இல்லை. ரொட்டிக்காகத் தெருவில் மைல் கணக்கில் ஆட்கள் நின்றார்கள்.

1932-ம் ஆண்டு டிசம்பரில், வேலை இல்லாதவர்கள் வாஷிங்டன் நகருக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். டோரதி நிருபராக அங்கே போயிருந்தார். ஊர்வலத்தைப் பார்த்ததும் அவர் மனம் கலங்கியது. அந்த ஊர் மாதா கோவிலுக்குப் போய் அழுதார். ஏழைகளுக்கு உழைக்கத் தமக்கு ஒரு வழி காட்டும்படி வேண்டினார்.

நியூயார்க் திரும்பினார். வீட்டில் ஒருவர் காத்திருந்தார். கசங்கிய கோட்டு; பை நிறையப் புத்தகமும் காகிதமும். பெயர், பீட்டர் மோரின். பிரான்சு நாட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வயது 55. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். டோரதிக்கே முதலில் தலைவலியாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் சொன்ன விஷயம் பெரிது. பழங்காலத்தில் ஒவ்வொரு ஆயரும் வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் நடத்தவேண்டும் என்று திருச்சபை கட்டளையிட்டிருந்தது. ஒவ்வொரு கிறிஸ்தவக் குடும்பமும் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிவைக்கவேண்டும். வருகிற ஏழையைக் கிறிஸ்துவாக நினைத்து அங்கே தங்கவைக்கவேண்டும். அந்த வழக்கம் ஏன் போயிற்று? இதுதான் மோரின் கேட்டது. (வழிப்போக்கன் படுத்து எழுந்து போகத் தெருப்பக்கம் திண்ணை வைத்து வீடு கட்டிய பாட்டன்மார்களுக்கு இது சுலபமாக விளங்கியிருக்கும்.)

பத்திரிகை நடத்தலாம் என்றார் மோரின். பணம்? கையில் இல்லை. வாடகைக்கும் மின்சாரத்துக்கும் வைத்திருந்த பணத்தைப் போட்டார் டோரதி. அச்சுக் கூலி 57 டாலர். சமையல்கட்டு மேஜையில் பத்திரிகை தயாராயிற்று. 1933-ம் ஆண்டு மே 1-ந் தேதி, "கத்தோலிக்கத் தொழிலாளி" என்ற பத்திரிகை வெளிவந்தது. 2,500 பிரதிகள். விலை ஒரு சென்ட். அதாவது, ஒரு டாலரில் நூறில் ஒரு பங்கு. மூன்றே ஆண்டுகளில் விற்பனை ஒன்றரை லட்சத்தைத் தொட்டது.

எழுதியதற்குச் சோதனை

ஏழைக்கு இடம் கொடுங்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். படித்துவிட்டு ஏழைகள் நேரே பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிட்டார்கள்! எழுதுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறு இல்லை. எழுதுவது சுலபம்.

டோரதி ஒரு குடியிருப்பை வாடகைக்குப் பிடித்து, வீடில்லாத பெண்களைத் தங்கவைத்தார். பிறகு ஆண்களுக்கு ஓர் இடம். 1936-ல் மாட் தெருவில் ஒரு பழைய கட்டடம் கிடைத்தது. அங்கே தினமும் காலையில் காப்பியும் ரொட்டியும் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் நின்றார்கள்.

பெயர் எழுதும் ரிஜிஸ்தர் கிடையாது. என்ன மதம் என்ற கேள்வி கிடையாது. பிரார்த்தனைக்கு வந்தால்தான் சாப்பாடு என்ற பேச்சே கிடையாது. கத்தோலிக்க வீடுதான், சுவரில் சிலுவை உண்டு, மாலையில் ஜெபம் உண்டு. வருகிறவர் வரலாம். வராதவரைக் கட்டாயப்படுத்துவது இல்லை.

வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் இல்லை. டோரதிக்கும் இல்லை. தர்மமாக வந்த துணி மூட்டையில் இருந்துதான் அவர் உடை எடுத்து உடுத்தினார். அரசாங்கத்திடம் மானியம் கேட்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுவது என் கடமை; அதை அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டு நான் தூங்கமுடியாது என்பது அவர் கட்சி.

கத்தோலிக்கத் திருச்சபை "இரக்கச் செயல்கள்" என்று சிலவற்றைச் சொல்கிறது. பசித்தவனுக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், ஆடை இல்லாதவனுக்கு ஆடை, அந்நியனுக்கு இருப்பிடம், நோயாளிக்கு ஆறுதல், சிறையில் இருப்பவனுக்குத் துணை, இறந்தவனுக்கு அடக்கம். ஏழைக்குச் செய்வது எனக்கே செய்வது என்று இயேசு போதித்ததாகப் பைபிள் கூறுகிறது. கோடிக்கணக்கானவர்கள் இதைக் காதால் கேட்கிறார்கள். டோரதி அதை எழுத்துக்கு எழுத்து நம்பினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

"குடிகாரனுக்குக் கொடுக்கலாமா?"

வந்தவர்கள் எல்லோரும் உத்தமர்கள் அல்ல. குடிகாரர்கள் வந்தார்கள். புத்தி பேதலித்தவர்கள் வந்தார்கள். பேன், மூட்டைப்பூச்சி, நாற்றம். திருட்டும் நடந்தது. சண்டையும் நடந்தது. அண்டை வீட்டார் புகார் சொன்னார்கள்.

"இவர்களுக்குக் கொடுப்பது வீண். தகுதி உள்ள ஏழைக்குக் கொடுக்கலாமே?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எந்த ஊரிலும் இந்தக் கேள்வி உண்டு. கொடுக்க மனமில்லாதவர்களுக்கு இது நல்ல வசதி.

தகுதி உள்ள ஏழை, தகுதி இல்லாத ஏழை என்று பிரித்துப் பார்க்கும் உரிமையை இயேசுவின் போதனை நமக்குக் கொடுக்கவில்லை என்று டோரதி பதில் சொன்னார்.

ஒரு சமயம், சமூக சேவைக்காரர் ஒருவர் வந்தார். இங்கே ஒருவரை எத்தனை நாள் தங்க அனுமதிப்பீர்கள் என்று விசாரித்தார். கணக்கே கிடையாது என்றார் டோரதி. எங்களோடு வாழ்வார்கள், எங்களோடு சாவார்கள், நாங்களே அடக்கம் செய்து, பிறகும் அவர்களுக்காகப் பிரார்த்திப்போம், அவர்கள் எங்கள் குடும்பத்தார் என்று விளக்கினார்.

வைர மோதிரம் கதையை இன்றும் சொல்வார்கள். பணக்காரப் பெண்மணி ஒருவர் வந்து, ஒரு வைர மோதிரத்தை நன்கொடையாகக் கொடுத்தார். டோரதி நன்றி சொல்லி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சிறிது நேரத்தில், வழக்கமாகச் சாப்பிட வரும் ஓர் ஏழைக் கிழவி வந்தார். டோரதி மோதிரத்தை எடுத்து அந்தக் கிழவியிடம் கொடுத்துவிட்டார்! கூட இருந்தவர்கள் திகைத்தார்கள். அதை விற்றிருந்தால் கிழவிக்கு ஓர் ஆண்டு வாடகை கட்டியிருக்கலாமே என்றார்கள். விற்பதானால் அவரே விற்றுக்கொள்ளட்டும்; போட்டுக்கொள்வதானால் போட்டுக்கொள்ளட்டும்; வைரத்தைக் கடவுள் பணக்காரர்களுக்கு மட்டுமா படைத்தார் என்று கேட்டார் டோரதி.

இதைப் படித்துவிட்டு, "இது என்ன புத்திசாலித்தனம்?" என்று சிலர் நினைக்கலாம். கணக்குப் பார்த்தால் தப்புத்தான். ஆனால் ஏழைக்கு எது தேவை என்று எப்போதும் கொடுக்கிறவனே தீர்மானிக்கிறானே, அது மட்டும் சரியா? கோவிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்துவிட்டு, வெளிச்சமே தெரியாதபடி அதன் மேல் "உபயம்" என்று பெயர் எழுதிவைக்கும் தர்மவான்கள் இதை யோசிக்கலாம்.

இன்னொரு சம்பவம். 1952-ம் ஆண்டில் ராபர்ட் கோல்ஸ் என்ற மருத்துவ மாணவர் டோரதியைப் பார்க்க வந்தார். பிற்காலத்தில் பெரிய மனநோய் மருத்துவராகவும் எழுத்தாளராகவும் விளங்கியவர். அவர் வந்தபோது டோரதி ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குடித்திருந்தாள். பேச்சில் தலையும் இல்லை, வாலும் இல்லை. டோரதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நேரம் போயிற்று. கடைசியில் டோரதி எழுந்து வந்தார். எங்கள் இருவரில் யாரோடு பேசக் காத்திருக்கிறீர்கள் என்று மாணவரிடம் கேட்டார்.

ஊர் அறிந்த தலைவியையும், குடித்துவிட்டு உளறும் பெண்ணையும் அவர் ஒரே தராசில் வைத்துவிட்டார். வேடிக்கைக்காகச் சொன்னது அல்ல. அந்தப் பெண்ணைப் பார்க்கவும் ஒருவர் வரலாம் என்று அவர் நிஜமாகவே நினைத்தார். மருத்துவ மாணவர் தம் வாழ்நாள் முழுவதும் இந்தக் கேள்வியை மறக்கவில்லை.

இருநூற்று ஐம்பது டாலர்

1956-ம் ஆண்டில் ஒரு தொல்லை வந்தது. தீப்பிடித்தால் தப்பிக்கப் போதிய வசதி கட்டடத்தில் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். கோர்ட்டு 250 டாலர் அபராதம் விதித்தது. டோரதியிடம் பணம் இல்லை.

மறுபடியும் கோர்ட்டுக்குப் புறப்பட்டார். வாசலில் சிலர் பழைய துணிக்காகக் காத்து நின்றார்கள். அவர்களில் இருந்து ஒருவர் முன்னே வந்தார். கலைந்த தலை, கசங்கிய உடை. அபராதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், "டூ பிப்டி" என்று சொல்லி ஒரு காகிதத்தைக் கையில் திணித்தார். இரண்டரை டாலர் என்று நினைத்து டோரதி நன்றி சொன்னார். ரெயிலில் ஏறியபின் பிரித்துப் பார்த்தால், 250 டாலருக்குச் செக்! கொடுத்தவர், உலகப் புகழ் பெற்ற கவிஞர் டபிள்யூ.எச்.ஆடன்.

கந்தல் உடையில் இருப்பவன் யாரோ என்று டோரதி நினைத்தார். அப்படி நினைத்தும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டார். அதைக் கவனிக்கவேண்டும். நீதிபதியும் விவரம் தெரிந்தபின் அபராதத்தை ரத்து செய்துவிட்டார்.

பணத்தில் டோரதியின் கொள்கை விசித்திரமானது. சுரங்க ரெயில் வேலைக்காக நகரசபை அவருடைய வீட்டை எடுத்துக்கொண்டது. நஷ்டஈடு கொடுத்தது. பணம் கொடுக்கத் தாமதம் ஆனதற்கு வட்டியும் சேர்த்துக் கொடுத்தது. 1960-ம் ஆண்டில், வட்டிப் பணம் 3,579 டாலர் 39 சென்டையும் டோரதி திருப்பி அனுப்பிவிட்டார்! பணம் பணத்தைச் சம்பாதிப்பது தவறு, வட்டி வாங்கமாட்டோம் என்று கடிதம் எழுதினார். கந்துவட்டிக்காரர்கள் இதை நம்பமாட்டார்கள்.

சின்னஞ்சிறு வழி

டோரதி பிறந்தது 1897-ம் ஆண்டு நவம்பரில். அதற்கு ஒரு மாதம் முன்புதான் பிரான்சு நாட்டில் லிசியே என்ற ஊர் மடத்தில் தெரேசா என்ற கன்னியாஸ்திரீ 24 வயதில் காசநோயால் இறந்தார். குழந்தை இயேசுவின் தெரேசா என்று நம் நாட்டுக் கத்தோலிக்கர்கள் வணங்கும் அர்ச்சிஷ்டவர் அவர்தான்.

தெரேசா பெரிய காரியம் ஒன்றும் செய்யவில்லை. மடத்தில் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காத கன்னியாஸ்திரீ ஒருவர் இருந்தார். அவரைக் காணும்போதெல்லாம் தெரேசா புன்னகை செய்வார். அவருக்கு உதவி செய்வார். என்னிடம் அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று அந்தக் கன்னியாஸ்திரீயே கேட்டாராம்!

முதலில் தெரேசாவின் புத்தகத்தைப் படித்தபோது டோரதிக்குச் சப்பென்று இருந்தது. ஜெயில், போராட்டம் என்று வாழ்ந்தவருக்கு மடத்துச் சின்ன விஷயங்கள் எப்படிப் பிடிக்கும்? ஆனால் குடிகாரர்களோடும் கோபக்காரர்களோடும் ஒரே வீட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தபிறகு தெரிந்தது. பிடிக்காதவரைப் பார்த்துச் சிரிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை! 1960-ல் தெரேசாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

மாமியார்-மருமகள் உள்ள வீடுகளில் இதை விளக்கிச் சொல்லவேண்டியது இல்லை.

டோரதி ஒன்றும் சாந்த சொரூபி அல்ல. முன்கோபி. கத்திவிடுவார். பிறகு வருந்துவார். அவருடைய டைரிகள் 2008-ம் ஆண்டில் புத்தகமாக வெளிவந்தன. கோபத்தையும் களைப்பையும் அதில் அவரே எழுதிவைத்திருக்கிறார். தம்மைப் புனிதவதி என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அப்படிச் சொல்லிச் சுலபமாகத் தட்டிக்கழிக்காதீர்கள் என்பார். படத்தை மாட்டி மாலை போட்டுவிட்டால், அவர் செய்ததை நாம் செய்யவேண்டியது இல்லை அல்லவா?

எதிரிக்கும் இடம்

பத்திரிகையின் தலைப்பில் ஒரு படம் இருந்தது. ஒருபுறம் வெள்ளைக்காரத் தொழிலாளி; மறுபுறம் கறுப்பர்; நடுவில் கிறிஸ்து இருவர் தோளையும் அணைத்து நிற்பார். 1935-ம் ஆண்டிலேயே இந்தப் படம் போட்டார்கள். அப்போது அமெரிக்காவின் தென் மாகாணங்களில் கறுப்பர்களுக்குத் தனி ரெயில் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம், தனிக் குழாய்.

படம் போட்டதோடு நிற்கவில்லை. ஜார்ஜியா மாகாணத்தில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாழ்ந்து பயிர் செய்த ஒரு பண்ணை இருந்தது. அதைச் சிலர் துப்பாக்கியால் சுட்டு மிரட்டினார்கள். 1957-ல் டோரதி அங்கே போய் இரவுக் காவல் இருந்தார். காரில் உட்கார்ந்திருந்தபோது கார் மீது குண்டு பாய்ந்தது. அவருக்குக் காயம் இல்லை. அப்போது அவர் வயது 59.

இரண்டாவது உலகப்போரின்போது, எதிரியைக் கொல்லமாட்டேன் என்று அவர் எழுதினார். அமெரிக்கா முழுவதும் போர் வெறியில் இருந்த நேரம். ஆயிரக்கணக்கான சந்தாதாரர்கள் பத்திரிகையை நிறுத்திவிட்டார்கள். கூட உழைத்தவர்களிலும் பலர் விலகினார்கள். அவர் செய்தது சரியா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. ஹிட்லரை எதிர்க்காமல் விடலாமா என்ற கேள்விக்கு எல்லோரும் ஏற்கும் பதிலை அவர் கொடுத்துவிட்டதாகச் சொல்லமுடியாது. ஆனால் விற்பனை விழுகிறதே என்று கொள்கையை மாற்றவில்லை. 1948-ல் காந்திஜி கொல்லப்பட்டபோது, துக்கம் தெரிவித்து அவர் பத்திரிகையில் எழுதினார்.

1970-ம் ஆண்டில் அவர் இந்தியாவுக்கு வந்தார். கல்கத்தாவில் அன்னை தெரேசாவைச் சந்தித்தார். அங்கே பயிற்சி பெற்ற இளம் கன்னியாஸ்திரீகளிடம் தம் ஜெயில் அனுபவங்களைப் பற்றிப் பேசினார்.

1973-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக மறியல் செய்து மீண்டும் கைதானார். வயது 75!

அடுப்பு அணையவில்லை

1980-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி டோரதி இறந்தார். வயது 83. நியூயார்க் நகரில், வீடில்லாத பெண்களுக்காக அவர் வைத்த "மேரி வீடு" என்ற இல்லத்தில்தான் உயிர் பிரிந்தது. சாதாரண மரப்பெட்டியில் வைத்து, பேரப்பிள்ளைகள் தூக்கிச் சென்றார்கள். கோவில் வாசலில் நியூயார்க் கார்டினல் வந்து நின்று உடலை ஆசீர்வதித்தார். தெருவாசிகளும் வந்தார்கள், பேராசிரியர்களும் வந்தார்கள், கம்யூனிஸ்டுகளும் வந்தார்கள்.

2000-ம் ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபை அவரை "இறை ஊழியர்" என்று அறிவித்தது. அர்ச்சிஷ்ட பட்டத்துக்கு அது முதல் படி. 2015-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி அமெரிக்கப் பாராளுமன்றத்தில் போப் ஆண்டவர் பிரான்சிஸ் பேசியபோது, சிறந்த அமெரிக்கர்கள் நால்வரைக் குறிப்பிட்டார். லிங்கன், மார்ட்டின் லூதர் கிங், தாமஸ் மெர்ட்டன் என்ற துறவி ஆகியோருடன் டோரதியின் பெயரையும் சொன்னார். பாராளுமன்றம் கைதட்டியது. பல தடவை ஜெயிலுக்குப் போன அம்மாள் அவர்!

அவரைப் பின்பற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட இல்லங்கள் பல நாடுகளில் நடக்கின்றன. தலைமை ஆபீஸ் என்று ஒன்றும் இல்லை. அந்தந்த ஊர்க்காரர்கள் அவரவர் கையில் இருப்பதைக் கொண்டு நடத்துகிறார்கள். சில இல்லங்கள் நாலைந்து ஆண்டில் மூடிவிடுகின்றன. வேறு ஊரில் வேறு ஒன்று திறக்கிறது.

நியூயார்க்கில் கிழக்கு முதலாவது தெருவில் உள்ள வீட்டில் இன்றும் சூப்பு காய்ச்சுகிறார்கள். மாடியில் பத்திரிகைக்கு முகவரி ஒட்டுகிறார்கள். விலை, இப்போதும் ஒரு சென்ட்.